வெயில் விற்க லண்டனுக்குப் போனேன்

புதன்கிழமை, பின்னேரம் நான்கு மணி.

எங்கள் வீட்டிலிருந்து டாம்பா விமான நிலையம் நூறு மைல். காரை ஓட்டி வந்த என் மனைவி சாந்தி அந்த நூறு மைலும் வானொலி கேட்டாளே தவிர என்னோடு கதைக்கவில்லை. நானும் கதைக்கிற நிலையில் இல்லை. காருக்குள் நிரம்பியிருந்த மோர்மிளகாய் வாடையில் தும்மிக்கொண்டே வந்தேன். காருக்குள் ஏன் மோர்மிளகாய் வாடை என்பது ஞாயிற்றுக்கிழமை வெளிவரும், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள். வாசலில் பெட்டியை இறக்கிய பிறகுதான் சாந்தி வாயைத் திறந்தாள்.

"நாதன் அண்ணையும் மனோ அக்காவும் இஞ்ச வந்தால் நான் இருப்பன். அவை வராட்டில் அடுத்த மாசம் லண்டனுக்குத் திரும்பிப் போறன். நீங்கள் வாறதும் வராததும் உங்கட விருப்பம்."

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவள் என்னைப் பயமுறுத்தாத மாதம் இல்லை. ஆனால் இந்த முறை குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

கதை இதுதான். நான் லண்டன் ஹரோவில் இருபது வருடம் பலசரக்குக் கடை வைத்திருந்தவன். குளிரையும் மழையையும் முழங்கால் வலியையும் திட்டித் தீர்த்து, 2006இல் கடையை விற்றுவிட்டு, அமெரிக்காவில் புளோரிடாவின் மேற்குக் கரையிலுள்ள புன்டா கோர்டா என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தேன். அங்கே ஒரு தொழிலை வாங்கினால் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரருக்கு விசா கிடைக்கும். நான் வாங்கியது காசு போட்டு உடுப்புத் தோய்க்கும் லாண்டரி. வெயில் மண்டையைப் பிளக்கிற அந்த ஊரில் ஒருவரும் உடுப்பை வெளியில் காயப் போடுவதில்லை. மெஷினில்தான் உலர்த்துகிறார்கள். அவர்களுடைய அந்தப் பழக்கத்தில் எங்கள் அடுப்பு எரிகிறது.

நாதன் அண்ணை ஹரோவில் எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். மனோ அக்கா அவருடைய மனைவி. மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் டெலிபோனில் அவருக்கு வெயிலைப் பற்றிப் புளுகி வந்தேன். புளுகு பலித்தது. புன்டா கோர்டாவில் எங்களுக்குப் பக்கத்து வீடு வங்கிக் கடனில் மூழ்கி மலிவாக விலைக்கு வந்தது. லாண்டரிக்குப் பக்கத்து ஐஸ்கிரீம் கடையும் வந்தது. நாதன் அண்ணை தன் ஹரோ வீட்டை வாங்க ஆளும் பிடித்துவிட்டார். அந்த ஆளுக்குத் திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். "அதுக்கு முதல் நீர் ஒருக்கா வந்து நல்லதையும் கெட்டதையும் முகத்துக்கு நேரே சொல்லும்" என்று கேட்டார். கெட்டதைச் சொல்லும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. போகவர டிக்கெட் எழுநூற்றுப் பன்னிரண்டு டொலர். பெட்டிக்குள் சாந்தி கட்டித் தந்த மோர்மிளகாய் இரண்டு கிலோ, வெயிலுக்கு மாதிரியாக.

விமானத்தில் என் பக்கத்து ஆசனத்தில் ஒரு ஆங்கிலேயக் கிழவி இருந்தாள். மூக்குத் தோல் உரிந்திருந்தது. எட்டு வருடம் புளோரிடாவில் இருந்துவிட்டு ஒரேயடியாக இங்கிலாந்துக்குத் திரும்புகிறாளாம். ஏன் என்று கேட்டேன். "என்னிடம் பன்னிரண்டு கம்பளிக் கார்டிகன் இருக்கிறது. எட்டு வருடத்தில் ஒன்றைக்கூடப் போடவில்லை" என்றாள். இவளை நாதன் அண்ணையின் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி. லண்டன் கட்விக் விமான நிலையம்.

கிழவியை முந்திக்கொண்டு ஓடிவந்து வாசல் கதவைத் தாண்டினால் கண் கூசியது. வானத்தில் ஒரு முகில் இல்லை. நாதன் அண்ணை அரைக்காற்சட்டையோடு நின்றார். அவருக்கு வயது அறுபத்தொன்று. இத்தனை வருடப் பழக்கத்தில் அவருடைய முழங்காலை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன்.

"என்ன பாலன், உம்மட வெயிலைப் பெட்டிக்குள்ள போட்டுக்கொண்டு வந்தீரோ? ஒரு கிழமையா இஞ்ச இப்பிடித்தான். இருபத்தெட்டு டிகிரி."

"இது கள்ள வெயில், அண்ணை. நாளைக்கு ஓடிடும்."

ஓடவில்லை. வெயில் விற்க வந்தவன் லண்டனில் இறங்கிய கிழமை பார்த்து லண்டன் தன் வெயிலை எல்லாம் எடுத்து வெளியே விட்டிருந்தது. வழி நெடுக வெள்ளைக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டுப் புல்லில் கிடந்தார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வந்தது.

கட்விக்கிலிருந்து ஹரோவுக்கு ஏறக்குறைய ஐம்பது மைல். எம்25 நெடுஞ்சாலையில் வாகனங்கள் நின்று நின்று போயின. நாதன் அண்ணைக்குக் கேள்வி கேட்க நல்ல வசதி.

"அங்க முதலை வருமாமே?"

"வீட்டுக்குள்ள வராது."

"வளவுக்குள்ள?"

"வளவுக்குள்ளயும் பெரிசா வராது. குளத்தோட நிக்கும்."

"குளம் எங்க?"

"வளவுக்குப் பின்னால."

அவர் காரை இரண்டடி முன்னால் நகர்த்தினார். "புயல்?"

"அது வருசத்தில ஆறு மாசம்தான்."

"ஆறு மாசமும் அடிக்குமோ?"

"சீச்சீ. அடிக்குமோ அடிக்குமோ எண்டு ரீவியைப் பாத்துக்கொண்டு இருக்கிறது மட்டும்தான்."

பேச்சை மாற்றி நல்லதுகளுக்கு வந்தேன். பெற்றோல் ஒரு கலன் இரண்டரை டொலர். மாநிலத்துக்கு வருமான வரி இல்லை. நீச்சல் குளத்தோடு மூன்று அறை வீடு ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் டொலர், அந்தக் காசுக்கு ஹரோவில் கார் நிறுத்தும் கொட்டிலும் வராது. வீட்டு வாசலிலிருந்து கடலுக்குப் பத்து நிமிடம். நாதன் அண்ணை தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். அவருக்கும் நீந்தத் தெரியாது, எனக்கும் தெரியாது என்பதை இரண்டு பேரும் கதைக்கவில்லை.

ஹரோ வீட்டின் பின்பக்கம் போனால், தோட்டத்துக் கொட்டிலின் கூரையில் மனோ அக்கா வேப்பம்பூ வடகம் காய வைத்திருந்தார். லண்டனில் வடகம் காய்வதை என் கண்ணால் கண்டேன். என் வியாபாரத்தில் மண் விழுந்தது என்று நினைத்தேன்.

மனோ அக்காவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தபாற்கந்தோரில் கவுண்டரில் வேலை செய்கிறவர். நாதன் அண்ணை வாயில் வந்ததைக் கேட்டுவிடுவார். அக்கா அப்படியல்ல. ஒரு கேள்வியை இரண்டு நாள் ஊறப் போட்டுத்தான் கேட்பார். அன்றைக்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "சாந்தி சுகமா இருக்கிறாளோ, தம்பி?"

"நல்லா இருக்கிறா, அக்கா" என்றேன்.

வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணி.

சாந்திக்கு ஒடியல் மாவும் கறித்தூளும் வாங்க, தமிழ்க் கடைகள் நிறைந்த டூட்டிங்குக்குப் புறப்பட்டேன். நாள் முழுவதும் ஓடித் திரிவதற்கான பயண அட்டை ஏழரைப் பவுண். ஹரோவில் மெட்ரோபொலிட்டன் லைன் ரயில் ஏறி மூர்கேட்டில் நொர்தேர்ன் லைனுக்கு மாற வேண்டும். நிலத்துக்குக் கீழே அவித்தெடுக்கிற வெக்கை. ஏசி கிடையாது. இதைத் திரும்பிப் போனதும் நாதன் அண்ணைக்குச் சொல்ல வேண்டும் என்று மனத்தில் குறித்துக்கொண்டு வியர்வையைச் சந்தோசமாகத் துடைத்தேன்.

அப்பர் டூட்டிங் றோட்டில் நான் போக வேண்டிய கடை ஸ்டேசனிலிருந்து ஐந்து நிமிட நடை. போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் எடுத்தது. நாலடி நடந்தால் ஒரு தெரிந்த முகம். "பாலன் அண்ணை, அங்க வீடெல்லாம் அரை விலையாமே?" என்று மறிக்கிறார்கள். நின்று சொல்ல வேண்டியிருந்தது. சொல்லச் சொல்ல எனக்கே புளோரிடாவில் ஆசை வந்தது. சாப்பாட்டுக் கடைக்குள் போய் அறுபது பென்சுக்கு ஒரு மட்டன் ரோலும் ஐம்பது பென்சுக்குப் பாலில்லாத ஒரு பிளேன்ரீயும் எடுத்தேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்லாக் கறுத்துப் போனியள், அண்ணை."

"வெயில்தானே, தம்பி. உடம்புக்கு நல்லது."

"அதுக்கு ஊரிலயே இருந்திருக்கலாமே" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

அந்தக் கடையில் ஒரு மூலையில் குந்திக்கொண்டு, ஆறு மேசையிலும் ஒரே நேரத்தில் நடக்கிற கதைகளைக் கேட்டபடி ரோலைக் கடித்தேன். யாரோ ஒருவரின் மகளுக்கு மாப்பிள்ளை சரிவரவில்லை. யாரோ ஒருவருக்குக் கார் விட்டதற்குக் கவுன்சில் தண்டம் அடித்துவிட்டது. யாரென்றே தெரியாத அந்த மனிதர்களுக்காக நான் கவலைப்பட்டேன். எனக்கு மிகவும் சந்தோசமாக இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. விற்க வந்தவன் இப்படி மயங்கக் கூடாது என்று எழுந்து வந்துவிட்டேன்.

இரவு மனோ அக்கா நான் மாதிரிக்குக் கொண்டுவந்த மோர்மிளகாயைப் பொரித்தார். ஒன்றைக் கடித்துப் பார்த்து, கண்ணை மூடி, இன்னொன்றை எடுத்தார். "இது வேற வெயில். என்ர வடகம் இப்பிடி முறுகாது" என்றார். நாதன் அண்ணை மூன்றாவது முறையாகச் சோறு போட்டுக்கொண்டார். கட்விக்கில் இறங்கிய பிறகு அன்றிரவுதான் நிம்மதியாகப் படுத்தேன்.

சனிக்கிழமை, பின்னேரம் ஆறு மணி.

ஹரோவில் ஒரு மண்டபத்தில் தெரிந்தவரின் மகனுக்குக் கல்யாண வரவேற்பு. அழைப்பில் ஆறு மணி என்று போட்டிருந்தது. நாதன் அண்ணை பனியனோடு ரீவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் கோட்டுப் போட்டுக்கொண்டு நடந்து போய்ச் சரியாக ஆறு மணிக்கு மண்டப வாசலில் நின்றேன். கதவு பூட்டியிருந்தது. மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிற போலந்துப் பெண் பக்கக் கதவால் எட்டிப் பார்த்தாள்.

"தமிழ்க் கல்யாணமா? எட்டு மணிக்கு வாருங்கள்" என்றாள்.

எனக்கு இந்த நேரம் தவறாத வியாதி வந்தது புளோரிடாவில்தான். அங்கே போன அடுத்த வருடம் சாந்தியின் ஐம்பதாவது பிறந்த நாளுக்குத் தெருவில் உள்ள எல்லோரையும் ஆறு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். ஆறு மணி என்றால் எட்டரை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெருவில் எங்களைத் தவிர எல்லோரும் வெள்ளைக்காரர் என்பதை நான் யோசிக்கவில்லை. ஆறுக்கு இரண்டு நிமிடம் இருக்க மணி அடித்தது. நான் இடுப்பில் கட்டிய சாரத்தோடு, பாதி முகம் சவரம் செய்தபடி கதவைத் திறந்தேன். தெருவே வாசலில் நின்றது. சாந்தி தலையில் எண்ணெயோடு ஆட்டிறைச்சி கழுவிக்கொண்டிருந்தாள். பதினாறு பேரையும் ஹோலில் இருத்தி, வீட்டில் இருந்த கச்சான் கடலையைக் கொடுத்தோம். கச்சானைச் சாப்பிட்டார்கள், பாட்டுப் பாடினார்கள், எட்டு மணிக்கு எழுந்து, அருமையான மாலைப்பொழுது என்று கையைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். எட்டரைக்குப் பிரியாணி இறங்கியது. நானும் சாந்தியும் ஒரு கிழமை தின்றோம். பிறந்த நாளுக்குக் கச்சான் கொடுப்பது தமிழர் முறை என்று பக்கத்துத் தெருவரை இன்றைக்கும் நம்புகிறார்கள். எதிர்வீட்டு வெள்ளைக்காரர் டக் தன்னுடைய பிறந்த நாளுக்கு எங்களைக் கூப்பிட்டு, எங்களைக் கௌரவிப்பதற்காகக் கச்சான் வைத்தார்.

மண்டப வாசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். ஏழு மணி தாண்டி மாப்பிள்ளையின் தகப்பன் பூக்கூடையோடு வந்து இறங்கினார். என்னைக் கண்டதும் அவருக்கு முகம் வெளிறிவிட்டது. "என்ன பாலன், ஏதும் பிரச்சினையோ?" என்றார். அழைத்த நேரத்துக்கு ஒருவன் வந்து நின்றால் கெட்ட செய்தியோடுதான் வந்திருப்பான் என்று நினைத்திருக்கிறார்.

நாதன் அண்ணையும் மனோ அக்காவும் எட்டேகாலுக்கு வந்தார்கள். மேசையில் உட்கார்ந்ததும் நாதன் அண்ணை தாங்கள் புளோரிடா போகப் போகிற விஷயத்தை அவிழ்த்துவிட்டார். சுற்றியிருந்த எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் ஒரு மணி நேரம் வெயிலைப் பற்றிப் பேசினேன். மருந்துக் கடை வைத்திருந்து இளைப்பாறிய தம்பு அண்ணை என்பவர் மாத்திரம் ஐஸ்கிரீமைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சுரண்டி முடித்துவிட்டுக் கேட்டார்.

"அது சரி, தம்பி. அங்க செத்தால் ஆர் வருவினம்?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. லண்டனில் எங்களில் ஒருவர் கண்ணை மூடினால் ஐந்நூறு பேர் வருவார்கள். பாதிப் பேருக்குச் செத்தவரைத் தெரியாது, இருந்தாலும் வருவார்கள்.

"அங்க பார்க்கிங் பிரச்சினை இல்லை, அண்ணை" என்றேன்.

"நான் கேட்டது ஆக்களை."

"எத்தினை கார் வந்தாலும் விடலாம்."

தம்பு அண்ணை என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டு வெற்றிலைத் தட்டைத் தேடிப் போனார். மனோ அக்காவின் இரண்டு நாள் ஊறல் எப்போதோ தொடங்கியிருக்கிறது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி.

வீட்டு விஷயம் முடிவாகும் முன் மனோர் பார்க் முருகனைக் கும்பிட வேண்டும் என்று அக்கா சொன்னார். மூன்று பேரும் காரில் போனோம். லண்டனின் மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். சேர்ச் றோட்டில் காரை விட இடம் தேட இன்னும் இருபது நிமிடம். கோயிலுக்குள் பெருங்கூட்டம். நாதன் அண்ணை தங்கள் இருவர் பெயருக்கும் அர்ச்சனை செய்தார். சாந்தியின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி மனோ அக்கா தனியாக ஒரு அர்ச்சனை செய்தார். என் பெயரை ஒருவரும் சொல்லாததால் நானே சொல்லிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது நோர்த் சேர்க்குலர் றோட்டில் வாகனங்கள் அசையாமல் நின்றன. பன்னிரண்டு மணிக்கு வானம் கறுத்தது. பிறகு பிடித்துக்கொண்டது மழை. கண்ணாடித் துடைப்பான் போதவில்லை. நான்கு நாளாக நான் வேண்டிய மழை. "பாருங்கோ அண்ணை, இதுதான் உங்கட லண்டன்" என்று சொல்வதற்கு வாயைத் திறந்தேன். பின் ஆசனத்தில் வடைப் பொட்டலத்தோடு இருந்த மனோ அக்கா முந்திவிட்டார்.

"தம்பி, சாந்தி உந்த மிளகாயை எங்க காயப் போடுறவ? முத்தத்திலயோ, பின்வளவிலயோ?"

"காருக்குள்ள" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"காருக்குள்ளயோ?"

"லாண்டரிக்கு முன்னால காரை விட்டு, கண்ணாடியை உயத்திப்போட்டு, முன் சீற்றில தட்டை வைக்கிறது. ரெண்டு நாளில நொறுங்கக் காஞ்சிடும்."

"ஏன், வீட்டு முத்தத்துக்கு என்ன?"

இனி மறைத்துப் பயனில்லை. எங்கள் குடியிருப்புக்கு ஒரு சங்கம் இருக்கிறது. புல்லின் உயரம், கதவின் நிறம் எல்லாம் அவர்கள் சொல்லுவதுதான். முதல் வருடம் சாந்தி முற்றத்தில் மோர்மிளகாய் காயப் போட்டாள். சங்கத்து ஆள் ஒருவர் சின்ன மின்சார வண்டியில் வந்து, தட்டைச் சுற்றிப் பார்த்து, காட்டு மிருகங்களுக்குத் தீனி வைப்பது குற்றம் என்றார். இது நாங்கள் சாப்பிடுவது என்று சாந்தி சொன்னாள். அவர் நம்பவில்லை. அவருக்கு முன்னால் ஒன்றைச் சாப்பிட்டுக் காட்டினாள். அதன் பிறகும் அவர் நம்பவில்லை.

நாதன் அண்ணை சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"அப்ப பின்னேரத்தில ஆர் வருவினம்?"

"ஒருத்தரும் வராயினம், அக்கா. வாறதெண்டால் முதலே போன் அடிச்சுக் கேட்டுத்தான் வருவினம். கேட்டால் வாற கிழமை எண்டு சொல்லுவினம்."

"தமிழாக்கள்?"

"ஒரு குடும்பம் இருக்கு. எண்பது மைல்."

மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டார். "மே மாசம் ஊரில சண்டை முடிஞ்ச அந்தச் செய்தி வந்த அண்டைக்கு? எங்கட வீட்டில அண்டைக்கு நிக்க இடமில்லை. நீங்கள் ஆரோட இருந்தனீங்கள்?"

இதை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் டெலிபோனில் சொன்னதில்லை. சொன்னேன். அன்றைக்கு லாண்டரியைப் பூட்டிவிட்டு நானும் சாந்தியும் ரீவிக்கு முன்னால் இருந்தோம். யாருக்காவது போன் எடுப்போம் என்றால் லண்டனில் எல்லா இலக்கமும் வேறு ஆட்களோடு தொடர்பில் இருந்தது. பின்னேரம் எதிர்வீட்டு டக் வந்து, லாண்டரி ஏன் பூட்டியிருக்கிறது என்று அக்கறையாகக் கேட்டார். நல்ல மனிதர். அவருக்கு உலகப் படத்தில் எங்கள் தீவைக் காட்டுவதிலிருந்து தொடங்க வேண்டும். எனக்குத் தெம்பு இருக்கவில்லை. மெஷின் பழுது என்றேன். அடுத்த நாள் காலை மெஷின் திருத்தத் தன்னுடைய கருவிப் பெட்டியோடு சொன்ன நேரத்துக்கு வந்து நின்றார். சாந்தி அவரைக் கண்டதும்தான் அழத் தொடங்கினாள்.

நாதன் அண்ணை ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். அக்கா பொட்டலத்தைப் பிரித்து ஒரு வடையை என் தோளுக்கு மேலால் நீட்டினார். வெயில் வியாபாரம் முடிந்தது என்று எனக்குத் தெரிந்தது. சாந்தி எந்தப் பெட்டியை முதலில் அடுக்குவாள் என்று யோசித்துக்கொண்டு வடையைத் தின்றேன்.

திங்கட்கிழமை, காலை ஏழரை மணி.

விமானம் பதினொன்றரைக்கு. மனோ அக்கா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வழியனுப்பத் தானும் காரில் ஏறினார். ஒரேயடியாகக் கைவிடப் போகிறவர்கள் இப்படித்தான் மரியாதை செய்வார்கள் என்று நினைத்தேன். நெடுஞ்சாலைக்கு ஏறிய பிறகு அவர் பின்னாலிருந்து கேட்டார்.

"லாண்டரிக்கு முன்னால எத்தினை கார் விடலாம்?"

"பன்னிரண்டு விடலாம், அக்கா."

"நிழல் ஏதும் இருக்கோ?"

"ஒரு மரமும் இல்லை."

"அப்ப உங்கட கார் மிளகாய்க்கு. எங்கட கார் வடகத்துக்கு. ரெண்டையும் ஒண்டுக்குள்ள வைச்சால் மணம் மாறிடும்."

நான் திரும்பிப் பார்த்தேன். நாதன் அண்ணை கண்ணாடியில் தலைமயிரைச் சரிசெய்துகொண்டு, "நேற்று இரவே வீடு கேட்ட அந்த ஆளுக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டன்" என்றார்.

"அண்ணை, நான் சொன்ன ஒண்டும் உங்களுக்குக் கேக்கேல்லையோ? ஒருத்தரும் இல்லாத ஊர். முதலை. புயல்."

"கேட்டது. மூண்டு வருசமா நீர் வெயிலைச் சொன்னீர். நான் வாறன் வாறன் எண்டு சொன்னனே ஒழிய, எனக்கு அரை மனம்தான். அதுதான் உம்மைக் கூப்பிட்டுக் கேட்டது. நீங்கள் ரெண்டு பேரும் தனிய இருக்கிறியள் எண்டு நேற்றுத்தானே சொன்னீர். இதை முதலே சொல்லியிருந்தால் மனோ எப்பவோ வெளிக்கிட்டிருப்பா. இந்தச் சம்மருக்கு நான் குளத்தில முதலையோட நிண்டிருப்பன்."

கொஞ்ச தூரம் போனதும் அவரே தொடர்ந்தார்.

"தம்பு அண்ணை கேட்டதையும் யோசிச்சுப் பாத்தன். இப்ப நாங்கள் நாலு பேராச்சு. ஒரு ஆள் போனால் தூக்க மூண்டு பேர் இருக்கிறம். ஒருத்தர்தான் குறையுது."

"டக் வருவார்" என்றேன்.

"சொன்ன நேரத்துக்கு வந்திடுவார்" என்றார் மனோ அக்கா.

கட்விக் வரும்வரை மூன்று பேரும் சிரித்தோம். இறங்கும் இடத்தில் நல்ல மழை. அக்கா என் கையில் வடகப் பொட்டலம் ஒன்றைத் திணித்தார். பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றுகொண்டு கண்ணாடிக்கு வெளியே லண்டனைப் பார்த்தேன். இருபது வருடம் திட்டிக்கொண்டு வாழ்ந்த ஊர். மழை, நெரிசல், ஆறு மணி என்றால் எட்டேகால். டூட்டிங்கில் ஐந்து நிமிடத் தூரத்தை ஒன்றரை மணி நேரம் நடந்ததை நினைத்தேன். அந்த ஊரை விட்டு நாதன் அண்ணையையும் மனோ அக்காவையும் கிளப்பிவிட்டேன் என்று எனக்குப் பயமாகவும் இருந்தது, வெட்கமில்லாமல் சந்தோசமாகவும் இருந்தது.

அதே நாள், பின்னேரம் நான்கரை மணி. டாம்பா.

கடல் கடந்த ஒன்பது மணி நேரமும் இதைச் சாந்தியிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்திருந்தேன். முதலில் முகத்தைத் தொங்கப் போடுவது, அவள் பயந்த பிறகு மெதுவாகச் சொல்வது என்று திட்டம். வாசலுக்கு வந்தால் வெக்கை முகத்தில் அறைந்தது. சாந்தி காரை நிறுத்திக்கொண்டு நின்றாள். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு முன் கதவைத் திறந்தேன்.

என் ஆசனத்தில் ஒரு பெரிய தட்டு. அதன் மேல் இன்னொன்று. இரண்டிலும் மோர்மிளகாய்.

"பின்னால ஏறுங்கோ" என்றாள் சாந்தி. "மனோ அக்கா நேற்றே போன் எடுத்தவ. அவைக்கும் சேத்துப் போட்டிருக்கிறன்."

வடகப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு பின் ஆசனத்தில் ஏறிக் குந்தினேன். நூறு மைலும் சாந்தி கதைத்துக்கொண்டே வந்தாள். நான் தும்மிக்கொண்டே வந்தேன்.